சட்டைக்கு அளவு உண்டு. சக்கர நாற்காலிக்கு இல்லையா?

1979-ம் ஆண்டு. அமெரிக்காவிலிருந்து ஒரு தம்பதி மொராக்கோ நாட்டுக்குச் சுற்றுலா போனார்கள். மொராக்கோ, ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. கணவரின் பெயர் டான் ஷோண்டார்பர். அவர் ஓர் என்ஜினீயர்.

அங்கே ஒரு மண் சாலையில் அவர் ஒரு காட்சியைக் கண்டார். ஒரு பெண். அவளால் நடக்க முடியாது. கைவிரல்களால் தரையைப் பற்றி, உடம்பை இழுத்து இழுத்து, சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். போகிறவர்கள் போனார்கள், வருகிறவர்கள் வந்தார்கள். அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டான் ஊர் திரும்பினார். வேலை, வீடு, பிள்ளைகள் என்று காலம் ஓடியது. ஆனால் அந்தப் பெண் மட்டும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. பல ஆண்டுகள் கழித்து, தன் வீட்டுக் கார் ஷெட்டில் உட்கார்ந்து ஒரு சக்கர நாற்காலி செய்தார். தோட்டத்தில் போட்டு உட்காருவோமே, வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலி, அதை எடுத்துக்கொண்டார். இரும்புச் சட்டம் ஒன்றில் அதைப் பொருத்தினார். இரண்டு பக்கமும் சைக்கிள் சக்கரம் மாட்டினார். மிகக் குறைந்த செலவு. வேலை முடிந்தது.

இப்படி நூறு நாற்காலி செய்தார். அவற்றில் நான்கை எடுத்துக்கொண்டு 2001-ம் ஆண்டில் விமானம் ஏறினார். அந்த நான்கும் எந்த ஊருக்கு வந்தன தெரியுமா? நமது சென்னைக்குத்தான்! மூளை முடக்குவாதத்தால் நடக்க முடியாத ஒரு சிறுவன் முதல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நான்கில் தொடங்கியது நிற்கவில்லை. டான் ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்படுத்தினார். அது இதுவரை பல நாடுகளில் 10 லட்சத்துக்கும் அதிகமான நாற்காலிகளை இலவசமாகக் கொடுத்திருக்கிறது.

நல்ல காரியம். கை எடுத்துக் கும்பிடலாம். ஆனால் கதை இத்துடன் முடியவில்லை. அந்த முதல் நாற்காலியில் ஒரு குறை இருந்தது. பெரியவருக்கும் அதே நாற்காலி. சின்னப் பையனுக்கும் அதே நாற்காலி. ஒல்லியான ஆளுக்கும் குண்டான ஆளுக்கும் ஒரே அளவு. பின்னாளில் அந்த ஸ்தாபனமே இதை உணர்ந்தது. ஆளுக்கு ஏற்ப அளவை மாற்றக்கூடிய நாற்காலியைச் செய்தது.

அவர்கள் திருத்திக்கொண்டார்கள். நாம் திருத்திக்கொண்டோமா? இன்று பேச வேண்டிய விஷயம் இதுதான்.

மேடையில் வாங்கிய நாற்காலி

நலத்திட்ட விழாவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பந்தல் போட்டிருக்கிறது. ஒலிபெருக்கி முழங்குகிறது. மேடைக்குக் கீழே பளபளவென்று சக்கர நாற்காலிகள் வரிசையாக நிற்கின்றன. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. பெயரைக் கூப்பிடுகிறார்கள். நடக்க முடியாதவரைத் தூக்கி வருகிறார்கள். நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். கைதட்டல். போட்டோ. அடுத்த பெயர்.

கொடுப்பவர் மனதில் கள்ளம் இல்லை. தன் சம்பாத்தியத்தில் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார். தகப்பனார் நினைவு நாளில் கொடுக்கிறார். மகன் கல்யாணத்தை ஒட்டிக் கொடுக்கிறார். அந்த நல்ல மனதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் விழா முடிந்து ஆறு மாதம் கழித்து அந்த வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சில வீடுகளில் நாற்காலி ஓடிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் அது மூலையில் நிற்கும். துவைத்த துணியை அதன்மேல் போட்டிருப்பார்கள். நாற்காலி வாங்கியவர் பழையபடி பாயில் கிடப்பார்.

"நாற்காலி இருக்கிறதே, ஏன் உட்காரவில்லை?" என்று கேளுங்கள். "உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கிறது" என்பார் ஒருவர். "வாசலில் மணல், சக்கரம் புதைகிறது" என்பார் இன்னொருவர். "கக்கூஸ் கதவுக்குள் நுழையவில்லை" என்பார் மூன்றாமவர். "முன் சக்கரம் உடைந்துவிட்டது; அந்தச் சாமான் இங்கே கிடைக்காதாம்" என்பார் நாலாமவர்.

கொடுத்தவர் பணமும் போயிற்று. வாங்கியவர் கஷ்டமும் தீரவில்லை.

எட்டுக் கோடிப் பேர்

உலகத்தில் சக்கர நாற்காலி தேவைப்படுகிறவர்கள் எத்தனை பேர்? சுமார் 8 கோடி என்று உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. அதாவது நூறு பேரில் ஒருவர். அவர்களில் எத்தனை பேருக்கு நாற்காலி கிடைக்கிறது? நாட்டுக்கு நாடு வித்தியாசம் உண்டு. மோசமான நிலையில் உள்ள நாடுகளில் நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான் கிடைக்கிறது. கொஞ்சம் நல்ல நிலையில் உள்ள நாடுகளிலும் நூற்றுக்கு முப்பத்தைந்து பேரைத் தாண்டவில்லை.

ஆகவே, தர்மம் தேவைதான். இன்னும் அதிகமாகவே தேவை. ஆனால் எத்தனை நாற்காலி கொடுத்தோம் என்று மட்டும் எண்ணினால் போதாது. எத்தனை பேர் அதில் உட்கார்ந்து வெளியே போகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

அளவு தப்பினால் என்ன?

தீபாவளிக்குச் சட்டை தைக்கிறோம். தையல்காரர் தோளை அளக்கிறார்; மார்பை அளக்கிறார்; கை நீளத்தை அளக்கிறார். வருஷத்தில் சில நாள் போடும் சட்டைக்கு இத்தனை அளவு! செருப்புக் கடைக்குப் போனால் காலை வைத்துப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியை யாராவது வாங்கிப் போட்டுக்கொள்வோமா?

சக்கர நாற்காலியில் உட்காருகிறவர் காலையிலிருந்து இரவு வரை அதிலேதான் இருக்கிறார். அவருக்கு அதுதான் கால். அதற்கு அளவு வேண்டாமா?

முக்கியமான அளவுகள் நான்கு. இவற்றை ஒரு தையல் டேப் வைத்தே எடுக்கலாம்.

முதலாவது, அகலம். இடுப்பின் அகலம் எவ்வளவோ, இருக்கையின் அகலமும் அவ்வளவு இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் ஆள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். நாள்பட்டால் முதுகெலும்பு வளைந்துபோகும். கையும் சக்கரத்துக்கு எட்டாது. தானே ஓட்டக்கூடியவரும் பிறர் தள்ளக் காத்திருக்க வேண்டியதாகும்.

இரண்டாவது, இருக்கையின் ஆழம். இடுப்பின் பின்பக்கத்திலிருந்து முழங்காலின் உட்பக்கம் வரை அளக்க வேண்டும். அதில் இரண்டு மூன்று விரற்கடை குறைத்துக்கொள்ள வேண்டும். ஆழம் அதிகமாக இருந்தால் இருக்கையின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அறுக்கும். வலி பொறுக்காமல் ஆள் முன்னால் சரிந்துவிடுவார்.

மூன்றாவது, கால் பலகையின் உயரம். முழங்காலின் உட்பக்கத்திலிருந்து குதிகால் வரை அளக்க வேண்டும். பலகை உயரமாக இருந்தால் முழங்கால் தூக்கிக்கொள்ளும். உடம்பின் பாரமெல்லாம் உட்காரும் எலும்பின்மேல் இறங்கும். பலகை தாழ்வாக இருந்தால் கால் தொங்கும், பாதம் வளைந்துபோகும்.

நாலாவது, முதுகுச் சாய்மானத்தின் உயரம். சிலருக்கு இடுப்புக்கு மேலே கொஞ்சம் ஆதரவு இருந்தால் போதும். கை வீசிச் சக்கரம் தள்ள அதுவே சௌகரியம். உடம்பை நிமிர்த்தி வைக்க முடியாதவருக்குத் தோள் வரை ஆதரவு வேண்டும். சிலருக்குத் தலைக்கும் வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் நாம் ஒரு தவறு செய்கிறோம். "வளர்கிற பிள்ளைதானே, பெரிதாக இருக்கட்டும்" என்கிறோம். பள்ளிக்கூடச் சட்டையை அப்படி வாங்கலாம். நாற்காலியை வாங்கக் கூடாது. பெரிய நாற்காலியில் உட்கார்ந்த குழந்தை துவண்டு சாய்கிறது. எலும்பு வளரும் வயதில் கோணலாக உட்கார்ந்தால் உடம்பும் கோணலாகவே வளர்கிறது. பிள்ளை வளர வளர நாற்காலியின் அளவையும் மாற்றித் தர வேண்டும்.

வலிக்காத புண்

வலி தெரிந்தால் ஆள் சொல்லிவிடுவார். வலியே தெரியாதவர் என்ன செய்வார்?

மரத்திலிருந்து விழுகிறவர்கள், கிணற்றில் விழுகிறவர்கள், சாலை விபத்தில் சிக்குகிறவர்கள் உண்டு. சிலருக்கு முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் அடிபடுகிறது. அதற்குக் கீழே உணர்ச்சி போய்விடுகிறது. முள் குத்தினாலும் தெரியாது. நெருப்பு சுட்டாலும் தெரியாது.

நாம் ஒரே இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகிறது. உடனே நெளிகிறோம், புரண்டு உட்காருகிறோம். ரத்தம் மறுபடி ஓடுகிறது. உணர்ச்சி இல்லாதவர் நெளிவதில்லை. நெளிய வேண்டும் என்று உடம்பு சொல்வதில்லை. எலும்புக்கும் பலகைக்கும் நடுவே சதை நசுங்குகிறது. ரத்த ஓட்டம் நின்று, சதை அழுகுகிறது. முதலில் சிவப்பாக ஒரு தழும்பு, பிறகு புண், பிறகு குழி. எலும்பு வரை போகிறது. விஷம் ரத்தத்தில் கலந்தால் உயிரே போகும்.

இது கற்பனை அல்ல. முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. குண்டடியில் தப்பியவர்களைப் புண்ணும் சிறுநீர் வியாதியும் கொன்றன. 1944-ல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் என்ற ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் லுட்விக் குட்மன் வந்தார். நோயாளிகளை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, இரவிலும்கூட, புரட்டிப் படுக்க வைக்கச் செய்தார். சிறுநீர் வியாதிக்கும் சிகிச்சை கொடுத்தார். சாகப்போகிறவர்கள் என்று கைவிடப்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

ஆகவே, இப்படிப்பட்டவருக்கு நாற்காலி கொடுத்தால் அதோடு நல்ல மெத்தையும் கொடுக்க வேண்டும். பாரத்தைப் பரப்பித் தாங்கும் மெத்தை அது. வெறும் ரெக்சின் துணியில் உட்கார வைத்து அனுப்பினால், நாம் கொடுத்த தர்மமே அவரைக் கொல்லக்கூடும். சொல்லக் கடுமையாக இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

மெத்தை கொடுத்தால் மட்டும் போதாது. பழக்கமும் சொல்லித்தர வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது அடிக்கடி முன்னால் குனிய வேண்டும். இந்தப் பக்கம், அந்தப் பக்கம் சாய வேண்டும். தினம் ஒரு முறை உட்காரும் இடத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். மனைவியோ தாயாரோ பார்த்துச் சொல்லலாம். சிவப்பு மறையாமல் இருந்தால், மறையும் வரை அந்த இடத்தில் பாரம் விழக் கூடாது. புண்ணாகிவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஆஸ்பத்திரித் தரையும் நம் ஊர்த் தெருவும்

விழாக்களில் நாம் பார்க்கும் மடக்கு நாற்காலிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்று ஒருவர். சுரங்க விபத்தில் அவருக்கு இரண்டு காலும் செயல் இழந்தன. அவருடைய நண்பர் ஹாரி ஜென்னிங்ஸ் என்ஜினீயர். இருவரும் சேர்ந்து 1933-ல் ஒரு நாற்காலி செய்தார்கள். இரண்டு குழாய்களைக் குறுக்கே பூட்டியிருந்தார்கள். மடக்கிக் காருக்குள் வைத்துக்கொள்ளலாம்.

காருக்கும் தார் சாலைக்கும் சிமெண்டுத் தரைக்கும் அது அருமையான நாற்காலி. அதே ஜாதி நாற்காலியைத்தான் ஆஸ்பத்திரிகளில் வாங்கி வைத்தார்கள். ஒரு வார்டிலிருந்து இன்னொரு வார்டுக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போக அது போதும். நாளடைவில் உலகமெங்கும் அதையே தர்மமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். பணக்கார நாடுகளில் கழித்துப்போட்ட பழைய நாற்காலிகளும் கப்பல் ஏறி ஏழை நாடுகளுக்கு வந்தன.

வந்த இடத்தில் என்ன ஆயிற்று? அதன் முன் சக்கரம் சின்னது; கெட்டியானது. மணலில் புதைந்தது. கல்லில் இடித்தது. இடித்தவுடன் நாற்காலி முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. உட்கார்ந்திருந்தவருக்கு மறுபடி எலும்பு முறிந்தது. ஒரு சாமான் உடைந்தால், அந்த அளவில் மாற்றுச் சாமான் உள்ளூரில் கிடைக்கவில்லை.

இதை மாற்ற ஒருவர் கிளம்பினார். அவர் ரால்ப் ஹாட்ச்கிஸ். கல்லூரியில் படிக்கும்போது, 1966-ல், மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருக்கு இடுப்புக்குக் கீழே செயல் இழந்தது. அவரும் ஓர் என்ஜினீயர். 1980-ல் மத்திய அமெரிக்காவில் உள்ள நிகரகுவா நாட்டுக்குப் போனார். அங்கே நான்கு இளைஞர்களைச் சந்தித்தார். நாலு பேரும் நடக்க முடியாதவர்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி! முறை வைத்து உபயோகித்தார்கள்.

ஹாட்ச்கிஸ் அவர்களுக்கு நாற்காலி தானம் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. அந்த ஊரிலேயே நாற்காலி செய்ய முடியுமா என்று பார்த்தார். அந்த இளைஞர்களிடமே யோசனை கேட்டார். தினம் தினம் நாற்காலியில் உட்காருகிறவர்களுக்குத்தானே அதன் குறை தெரியும்? அவர்களோடு சேர்ந்து பட்டறை போட்டார். அப்படி ஏற்பட்ட 'வேர்ல்விண்ட்' என்ற இயக்கம் பல நாடுகளில் பட்டறைகளுக்கு வழி காட்டியது.

அந்த நாற்காலியில் என்ன புதுமை? முன் சக்கரத்தை நன்றாக முன்னே தள்ளி வைத்தார்கள். பள்ளத்தில் இறங்கினாலும் குப்புற விழாது. முன் சக்கரத்தை அகலமான ரப்பரில் செய்தார்கள். மணலில் புதையாது. அந்த அகலச் சக்கரத்துக்கு 'ஜிம்பாப்வே சக்கரம்' என்று பெயர். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டுப் பட்டறைக்காரர்கள் கொடுத்த யோசனை அது! பின் சக்கரத்துக்குச் சைக்கிள் டயர். பஞ்சரானால் தெருக்கோடி சைக்கிள் கடையில் ஒட்டிக்கொள்ளலாம்.

நமது அண்டை நாடான வங்காள தேசத்திலும் இப்படி ஒரு முயற்சி நடந்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த டேவிட் கான்ஸ்டன்டைன் என்பவரும் இரண்டு நண்பர்களும் 1991-ல் அங்கே போனார்கள். டேவிட், கழுத்து எலும்பு முறிந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். டாக்கா அருகே உள்ள முடக்குவாத மறுவாழ்வு நிலையத்தில் பட்டறை அமைத்து, உள்ளூர்ச் சாமான்களைக் கொண்டு நாற்காலி செய்யக் கற்றுக்கொடுத்தார்கள்.

எவரெஸ்ட், ஹாட்ச்கிஸ், டேவிட் மூவரும் நடக்க முடியாதவர்கள். நல்ல நாற்காலிக்கு வழி காட்டியதும் அவர்கள்தான். இதை நாம் மறக்கக் கூடாது.

பெங்களூரில் எடுத்த முடிவு

2006-ம் ஆண்டு நவம்பர் மாதம் பெங்களூரில் ஒரு மாநாடு நடந்தது. வளரும் நாடுகளுக்கு எப்படிப்பட்ட சக்கர நாற்காலி கொடுக்க வேண்டும் என்பதே பேச்சு. டாக்டர்கள், என்ஜினீயர்கள், நாற்காலி செய்கிறவர்கள், தர்மம் செய்கிறவர்கள், நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் கூடினார்கள். அதை ஒட்டி 2008-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு வழிகாட்டி நூலை வெளியிட்டது.

பொருத்தமான நாற்காலி எது? அந்த நூல் சொல்வதன் சாரம் இதுதான். உட்காருகிறவர் தேவைக்கும், அவர் வாழும் இடத்துக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். உடம்புக்கு அளவாக இருந்து, நிமிர்ந்து உட்கார உதவ வேண்டும். அபாயம் இல்லாமல் நீடித்து உழைக்க வேண்டும். அந்த நாட்டிலேயே கிடைக்க வேண்டும். பழுது பார்க்கவும் முடிய வேண்டும். விலையும் கட்டுப்படியாக வேண்டும்.

நாற்காலி கொடுப்பதற்கு எட்டுப் படிகளையும் அந்த நூல் வகுத்தது. தேவைப்படுகிறவரைக் கண்டுபிடித்து வரச் சொல்வது. உடம்பையும் வாழ்க்கையையும் சோதித்து அறிவது. ஏற்ற நாற்காலியைத் தீர்மானிப்பது. பணத்துக்கு ஏற்பாடு செய்வது. நாற்காலியைத் தயார் செய்வது. உட்கார வைத்துப் பொருத்தம் பார்ப்பது. ஓட்டவும் புண் வராமல் காக்கவும் பழக்குவது. பிறகு பழுது பார்ப்பது, மறுபடி வந்து விசாரிப்பது. ஆக எட்டு.

மேடையில் தூக்கிக் கொடுப்பது இந்த எட்டில் ஒரு படிகூட இல்லை என்பதைக் கவனியுங்கள்!

"ஒன்றும் இல்லாததற்கு இது மேல் அல்லவா?"

சிலர் இப்படிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். "பாயில் கிடக்கிறவனுக்கு ஏதோ ஒரு நாற்காலி கிடைத்தால் வெளிக்காற்றாவது வாங்குவான். அளவு, மெத்தை என்று பார்த்துக்கொண்டிருந்தால், ஒரு நாற்காலிக்கு ஆகும் செலவில் இரண்டு நாற்காலி கொடுக்கலாமே?"

சிலருக்கு அது சரிதான். உணர்ச்சி இருக்கிறவர், சிறிது நேரம் மட்டும் உட்காருகிறவர், ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் நாற்காலி தேடுகிற முதியவர் போன்றவர்களுக்குச் சாதாரண நாற்காலியே பெரிய உதவி. டானின் பிளாஸ்டிக் நாற்காலியும் தரையில் கிடந்த எத்தனையோ பேரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

ஆனால் யாருக்கு எது என்று பார்க்காமலே கொடுத்தால், உணர்ச்சி இல்லாதவருக்குப் புண், குழந்தைக்குக் கூன், மணல் தெருவில் இருப்பவருக்குப் பழைய சிறை. புண்ணோடு ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தால் ஆகும் செலவு, நல்ல மெத்தையின் விலையைப்போல் பல மடங்கு. இரண்டாகக் கொடுத்து இரண்டும் மூலையில் நிற்பதைவிட, ஒன்று கொடுத்து அது ஓடுவது மேல். பத்து நாற்காலிக்கு வைத்த பணத்தில் எட்டு வாங்குங்கள். மிச்சப் பணத்தில் அளவெடுக்கவும் பழுது பார்க்கவும் ஏற்பாடு செய்யுங்கள்.

நாற்காலியில் இருந்து அறுவைச் சிகிச்சை

பொருத்தமான நாற்காலியும் பயிற்சியும் கிடைத்தால் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்? வெகு தூரம் போக வேண்டாம். வேலூரைப் பாருங்கள்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் அவருடைய தண்டுவடம் அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போயிற்று. "இனி டாக்டர் வேலை எங்கே?" என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அறுவைச் சிகிச்சை செய்யக் கற்றார். குஷ்டரோகத்தால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தி, எத்தனையோ பேருக்குக் கைத்தொழில் செய்யும் கையைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அவர் முயற்சியால் மறுவாழ்வு நிலையம் தோன்றியது. 1972-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

தென்காசி அருகே ஆய்க்குடியிலும் ஒரு நிலையம் இருக்கிறது. பெயர் அமர் சேவா சங்கம். கடற்படையில் சேருவதற்கான தேர்வின்போது 1975-ல் கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயல் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கியது. நாற்காலியில் இருந்தபடியே ஆயிரக்கணக்கானவர்களுக்கு அவர் வழி காட்டினார்.

இந்த இருவரையும் பாயில் படுக்க வைத்திருந்தால் நாட்டுக்கு எவ்வளவு நஷ்டம்! நமது கிராமங்களில் பாயில் கிடக்கிறவர்களில் எத்தனை தையல்காரர், எத்தனை கணக்குப்பிள்ளை, எத்தனை வாத்தியார் இருக்கிறார்களோ!

நாம் என்ன செய்யலாம்?

நாற்காலி தர்மம் செய்ய நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் வாங்கப் போகிறவர் வீட்டுக்குப் போங்கள். ஐந்து கேள்வி கேளுங்கள்.

இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இருக்கிறதா? தினமும் எத்தனை மணி நேரம் உட்காருவார்? தானே தள்ளுவாரா, பிறர் தள்ள வேண்டுமா? வாசல், தெரு, கக்கூஸ் கதவு எப்படி இருக்கின்றன? உடைந்தால் யார் சரி செய்வார்?

இந்த ஐந்துக்கும் பதில் தெரிந்த பிறகு, உடலியக்க மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ கலந்துகொண்டு வாங்குங்கள். மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியில் விசாரிக்கலாம். வாசற்படியில் ஒரு சாய்தளம் போட்டுக் கொடுத்தால் அதுவும் தர்மம்தான்.

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. நடக்க முடியாதவர்களுக்கு உபகரணம் வழங்க மத்திய அரசின் திட்டம் 1981-லேயே வந்துவிட்டது. நாற்காலி செய்ய கான்பூரில் அரசுத் தொழிற்சாலை 1972-ல் தோன்றியது. மாவட்டம்தோறும் மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. முகாமில் எத்தனை நாற்காலி கொடுத்தோம் என்ற கணக்கோடு, ஓராண்டு கழித்து அவற்றில் எத்தனை ஓடுகின்றன என்ற கணக்கையும் எடுக்கட்டும். தாலுகாவுக்கு ஒரு பழுது பார்க்கும் இடம் ஏற்பட வேண்டும். உள்ளூர் சைக்கிள் கடைக்காரருக்குச் சில நாள் பயிற்சி கொடுத்தாலே பாதி வேலை முடியும்.

நாற்காலி வாங்கப் போகிற குடும்பத்தாரே, உங்களுக்கும் சொல்கிறோம். இலவசமாகக் கொடுக்கிறார்களே என்று கூசி நிற்காதீர்கள். "இது பெரிதாக இருக்கிறது, ஐயா. சின்ன அளவு கொடுங்கள்" என்று கேளுங்கள். "மெத்தை உண்டா?" என்று கேளுங்கள். கேட்பது நன்றி கெட்ட செயல் ஆகாது. கொடுப்பவருடைய பணம் வீணாகாமல் காக்கிறீர்கள்.

மொராக்கோவில் மண்ணில் தவழ்ந்த அந்தப் பெண்ணைப் போல எத்தனையோ பேர் இன்னும் நாற்காலிக்காகக் காத்திருக்கிறார்கள். கொடுங்கள், நிறையக் கொடுங்கள். அடுத்த முறை கொடுக்கக் கிளம்பும்போது மாலையும் சால்வையும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையில் ஒரு தையல் டேப் இருக்கட்டும்.